புதுப்பிப்பு: அப்பாவின் மறதியும் பார்கின்சன் மாத்திரையும்

அப்பா பார்கின்சன் நோயாளி. மூன்று வேலை சொன்னால், மூன்றாவதைக் கேட்பதற்குள் முதலாவது நழுவிவிடுகிறது. இது நோயாலா, அதற்காக அவர் சாப்பிடும் லெவோடோபா மாத்திரையாலா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மாத்திரை நேரத்தையும் தடுமாறும் நேரத்தையும் குறித்துவைக்கச் சொன்னீர்கள். இரண்டு வாரம் குறித்தேன்.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கணக்கை மனதில் வைத்துக் கூட்டுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பழகிய முறையைத் திடீரென்று மாற்றச் சொன்னால் அப்போதும் திணறுகிறார். நரம்பியல் மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்கு இதைப் புரியவைத்தது. இந்த நோயில் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது; லெவோடோபா அதை ஈடுகட்டுகிறது. ஆனால் டோபமைன் மூளை முழுக்க ஒரே அளவில் குறைவதில்லை. அசைவைக் கவனிக்கும் புட்டாமென் பகுதியில்தான் முதலில், அதிகமாகக் குறைகிறது. வேறு சில பகுதிகளில் ஆரம்ப ஆண்டுகளில் ஓரளவு மிச்சம் இருக்கும். கை காலுக்குத் தேவையான மருந்தளவு அந்த இடங்களுக்கு அதிகமாகிவிடலாம். நினைவுக்கு டோபமைன் குறைந்தாலும் சிரமம், கூடினாலும் சிரமம்.

அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒன்று. நடுக்கத்துக்காகப் பல வருடமாக ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சாப்பிட்டு வந்தார். அது அசிட்டைல்கோலின் என்ற, நினைவுக்கும் உதவும் மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. வயதானவர்களுக்கு நினைவைக் கெடுக்கக்கூடியது. மருத்துவர் அதை மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார். தயவுசெய்து யாரும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

லெவோடோபா அளவை மாற்றவில்லை. நாங்களும் இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். நேற்று அவரே மாத்திரைப் பெட்டியை வாரம் முழுவதற்கும் அடுக்கி வைத்தார்.