கழற்றிய தையல் ஊசி: பிரித்து வைப்பதா, தூக்கிப் போடுவதா?

குளச்சல்காரி:
போன வாரம் ஒரு புதுநன்மை (சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள்) கவுன் தைத்தேன். வெள்ளை சாட்டின், 11 நம்பர் ஊசிதான் போட வேண்டும். பின் குஷனில் குத்தி வைத்திருந்ததில் ஒன்றை 11 என்று நினைத்து மாட்டிவிட்டேன். இடுப்புப் பக்கம் ஒரு சாண் ஓடுவதற்குள் துணியில் குறுக்கே கோடு கோடாக இழை இழுத்துவிட்டது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் 14, அதைவிடத் தடிமன். அதுவும் ஸ்கூல் யூனிபார்ம் பேண்டுகளுக்கு ஓடி முனை மழுங்கிய ஊசி. அந்தத் துண்டை மாற்ற அரை மீட்டர் சாட்டின் என் கைக்காசில் வாங்கினேன். உங்கள் கடையில் கழற்றுகிற ஊசியை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?

மார்த்தாண்டம் டெய்லர்:
அக்கா, பிரித்தே வைக்காதீர்கள். கழற்றினால் குப்பைதான். 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று எல்லோரும் சொல்கிற கணக்கு இருக்கிறதே. சாதா ஊசி என்ன விலை? அரை மீட்டர் சாட்டினை விடவா? நான் பழைய ஊசி ஒன்றுகூட வைத்திருப்பதில்லை. அதனால் எந்தக் குழப்பமும் இல்லை.

தக்கலை அக்கா:
தம்பி, அந்த 8 மணி ஊசி துணிக்குள் ஏறி இறங்குகிற நேரம். வெட்டுவது, கொக்கி வைப்பது, கை ஹெம்மிங் எல்லாம் அதில் வராது. ஒரு பிளவுஸில் மிஷின் ஓடுகிற நேரத்தை எண்ணிப் பாருங்கள், கொஞ்ச நேரம்தான். நடுவில் ஒரு லெக்கின்ஸ் வந்தது என்று 11 சாதா ஊசியைக் கழற்றினால், அதில் இன்னும் எத்தனையோ பிளவுஸ் பாக்கி. அதைப் போய்க் குப்பையில் போடுவதா? நான் 27 வருஷமாகத் தைக்கிறேன், மனசு வராது.

என் பின் குஷனை எட்டாகப் பிரித்து 9, 11, 14, 16 என்று நூலில் எம்பிராய்டரி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு கட்டம், ஒன்று சாதா, ஒன்று பனியன் துணிக்கு. பனியன் துணி ஊசியின் முனை உருண்டை, இழையை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். கூர் முனை அந்த இழையை அறுத்துவிடும், இரண்டு துவைப்பில் ஓட்டை. இரண்டும் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

திருப்பூர் ரிட்டர்ன்:
நான் பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு இப்போது கருங்கலில் கடை போட்டிருக்கிறேன். அங்கே ஊசி உடைந்தால் துண்டு எல்லாம் சேர்ந்தால்தான் புது ஊசி தருவார்கள். துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மிஷின் நம்பர், ஆள் பெயர் எழுதுவார்கள். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. சுவரில் ஒரு நோட்டு தொங்கும். மாட்டிய தேதி, நம்பர், துணி, மூன்றே சொல்.

மார்த்தாண்டம் டெய்லர்:
அண்ணே, நூறு மிஷின் ஓடுகிற இடத்துக்கு அது சரி. கல்யாண சீசனில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும்போது நோட்டு யார் எழுதுவார்? மூன்றாம் நாள் விட்டுப்போகும். பாதி எழுதின நோட்டை நம்பித் தப்பான ஊசி போடுவதைவிட, நோட்டே இல்லாமல் இருப்பது நல்லது.

திருப்பூர் ரிட்டர்ன்:
உடைந்த துண்டுக்காவது எழுதுங்கள் தம்பி. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மார்த்தாண்டம் டெய்லர்:
அது சரி அண்ணே. அதை ஒத்துக்கொள்கிறேன்.

முட்டம் கடற்கரை:
எல்லோரும் துருவை மறந்துவிட்டீர்கள். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்கு மழையும் உண்டு, போதாததற்கு உப்புக்காற்று. பஞ்சு அடைத்த குஷன் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் தாண்டினால் குத்தி வைத்த ஊசியின் பாதி உடம்பு சொரசொரவென்று ஆகிவிடும். அக்கா எம்பிராய்டரி அழகுதான், ஆனால் கடலோரத்தில் குஷன் வேண்டாம். ஊசி வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே திரும்பப் போடுங்கள். ஓடிய ஊசி என்றால் அடையாளத்துக்குத் தலைகீழாகச் செருகுங்கள்.

தக்கலை அக்கா:
என் குஷனில் இருப்பது பஞ்சு இல்லை மக்களே, தலைமுடி. அம்மா சீப்பில் வந்ததைக் கழுவிச் சேர்த்து அடைத்தது. முடியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்குக்கு ஊசி துருப்பிடிக்காது. தக்கலை கடலோரம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளச்சல்காரி:
நிறம் அடித்த ஊசி வாங்கினால் தீர்ந்துபோகுமா?

முட்டம் கடற்கரை:
ஷ்மெட்ஸ் ஊசியில் மேல் கோடு வகையைச் சொல்லும், கீழ்க் கோடு தடிமனைச் சொல்லும். மேலே மஞ்சள், கீழே பிங்க் என்றால் ஸ்ட்ரெச் 75, நம் கணக்கில் 11. மேலே நீலம், கீழே ஊதா என்றால் ஜீன்ஸ் 100, அதாவது 16. அந்த 75, 100 எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 100 என்றால் ஊசித் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர். ஆனால் வேறு கம்பெனி ஊசியை இதே நிறக் கணக்கில் பார்க்கக் கூடாது. நிறம் இல்லாத ஊசிக்கு தண்டில் நம்பர் வெட்டியிருக்கும். மார்க்கிங் சாக்கை அதன் மேல் தேய்த்து விரலால் துடையுங்கள். பள்ளத்தில் சாக் தங்கி நம்பர் வெள்ளையாகத் தெரியும். லென்ஸே வேண்டாம்.

திருப்பூர் ரிட்டர்ன்:
ஒன்று விட்டுப்போச்சு. தங்கச்சி, உங்களிடம் பவர் மிஷினும் இருந்தால் அதற்குப் போடுகிற டிபி×1 ஊசியைத் தனி டப்பாவில் வையுங்கள். அதன் தண்டு முழு உருண்டை. மிதி மிஷின் ஊசித் தண்டில் ஒரு பக்கம் தட்டை. தடவினாலே தெரியும், ஆனால் அவசரத்தில் தடவ மாட்டோம்.

குளச்சல்காரி:
ஓடுவது மிதி மிஷின், பவர் மிஷின் இரண்டும்தான் அண்ணே, இனி இரண்டு டப்பா. குஷனை எடுத்துவிட்டேன். மார்த்தாண்டம் தம்பி, முழுசாகத் தூக்கிப் போட எனக்கும் மனசு வரவில்லை. அதனால் நேற்று குஷனில் இருந்த 19 ஊசியையும் கண்ணாடித் துண்டு மேல் தட்டைப் பக்கம் படுக்க வைத்து இடைவெளி பார்த்தேன், பிறகு முனையைப் பெருவிரல் நகத்தில் இழுத்தேன். நாலு வளைசல். இன்னும் ஏழு ஊசியின் முனை கெட்டு, நகத்தில் கீறல் போட்டது.

மார்த்தாண்டம் டெய்லர்:
அப்போ பதினோரு ஊசி போச்சு. நான் சொன்னதுதானே அக்கா?

தக்கலை அக்கா:
எட்டு மிச்சம் தம்பி. நான் சொன்னதும் அதுதான்.

குளச்சல்காரி:
அந்த எட்டும் சாக் தேய்த்து நம்பர் பார்த்து டப்பாவில் தலைகீழாக இருக்கிறது. மிஷினில் இப்போது ஓடுவது எது என்று ஒரு துணித் துண்டில் எழுதி ஊசித் தலைக்கு மேலே பின் குத்தியிருக்கிறேன். இன்றைக்கு அதில் “11, சாதா, சாட்டின்” என்று இருக்கிறது. கவுனை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.