புறாமலைத் தீவுக்குப் பிள்ளைகளோட போகலாமோ? நிலாவெளிப் பக்கத்து ஆக்கள் சொல்லுங்கோ

மழைத்துளி:
வணக்கம் உறவுகளே. ஓகஸ்ட் லீவில கொழும்பில இருந்து திருகோணமலைக்கு வாறம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் நோ. பிள்ளைகளுக்கு 9, 5. எந்தக் கடற்கரையில பயமில்லாமல் இறங்கலாம்? புறாமலைக்கு எல்லாரும் போகலாமோ? பெரியவன் சுறா பாக்கோணும் எண்டு ஒரே பிடிவாதம்.

உப்புவெளியான்:
ஓகஸ்ட்டில எங்கட கடல் அமைதிதான். வாடை தொடங்கினாப் பிறகு, நவம்பரில இருந்து தை வரைக்கும் வந்தால்தான் பிரச்சினை. சின்னப்பிள்ளைக்கு உப்புவெளி நல்லம், ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். அலையே வேண்டாமெண்டால் விமானப்படை நடத்துற மார்பிள் பீச், அது குடாவுக்குள்ள இருக்கு.

நிலாவெளிக்காரன்:
தங்கச்சி, நான் பதினஞ்சு வருசமாப் புறாமலைக்குப் போட் ஓடுறன். கரையில இருந்து ஒரு கிலோமீற்றர்தான். ஆனா இறங்கிறது முழங்கால் தண்ணிக்குள்ள, கரை முழுக்க உடைஞ்ச முருகைக்கல், அதுதான் பவளப்பாறை. அம்மாவுக்கு அதில நடக்கிறது கஷ்டம். அவவையும் சின்னவரையும் உப்புவெளியில விட்டிட்டு, பெரியவரை மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

சுறா இருக்கு. செட்டை நுனி கறுப்பா இருக்கிற சின்னச் சுறா, தீவின்ர மற்றப் பக்கத்தில ஆழமில்லாத தண்ணிக்கே வரும். கடிக்க வராது, ஆளைக் கண்டா விலகிப்போயிடும். தண்ணியை அடிக்காமல் மிதந்தால் மகன் வடிவாப் பாப்பார். அழுங்காமையும் சில நாள் காணலாம்.

ஒண்டை மட்டும் மகனுக்கு வீட்டிலயே சொல்லிக்கொடுங்கோ: முருகைக்கல்லில கால் வைக்கக் கூடாது. சில வருசத்துக்கு முதல் என்ர போட்டில வந்த ஒருத்தர் தண்ணிக்குள்ள பயந்து, மான்கொம்பு மாதிரி நிண்ட ஒண்டில ரெண்டு காலையும் ஊண்டினார். உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. உடைஞ்ச இடம் பால் வெள்ளை. ரெண்டு கிழமை கழிச்சுப் போய்ப் பாத்தன், அதில பச்சைப் பாசி ஏறியிருந்தது. அவரில பிழை சொல்ல மாட்டன். இறக்க முதல் நான் சொல்லியிருக்கோணும், சொல்லேல்லை. இப்ப சொல்லாமல் ஒருத்தரையும் இறக்கிறேல்லை.

அது கல் இல்லை, உயிர். கொம்பு இனம் வருசத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டையா இருக்கிறது ஒரு சென்ரிமீற்றர் வளந்தாலே பெரிய விசயம். 1963 இல சரணாலயமாக்கி, 2003 இல தேசியப் பூங்காவாக்கினது இதுக்காகத்தான். செத்த துண்டையும் கரையில இருந்து எடுக்க விடமாட்டினம்.

மழைத்துளி:
நன்றி அண்ணா. அவன் நீந்துவான், ஆனா களைச்சால் என்ன செய்யிறது? சன் கிறீம் பூசலாமோ?

நிலாவெளிக்காரன்:
லைஃப் ஜக்கெற் கட்டாயம். களைச்சால் மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கோ, கால் ஊண்டுறதெண்டால் மணல் தெரியிற இடத்துக்கு வரோணும். அதை உப்புவெளியில ஒரு நாள் பழக்கிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சன் கிறீமுக்குப் பதிலா நீளக்கை சேட் போடுங்கோ, சில கிறீமில இருக்கிற மருந்து முருகைக்குக் கூடாது.

காலமை வெள்ளன வாங்கோ. வெயில் ஏற ஆக்கள் கூடிடுவினம், அதுக்குப் பிறகு சுறா கிட்ட வராது. காலமையில பாறை இடுக்கில மாடப்புறாவும் நிக்கும். தீவுக்குப் பேர் வந்ததே அதாலதான், மகனுக்குக் காட்டுங்கோ.