‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினால் போதுமா?

தக்கலை இசைப்பிரியன்:
‘சவுதியிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர், நல்ல நிலையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி விளம்பரத்தை நம்பி, போன மாதம் பணம் அனுப்பினேன். படத்தில் கண்டதைப் போலவே பளபளப்பாக வந்து சேர்ந்தது. ஆனால் எந்த இசைத்தட்டை வைத்தாலும் பாடுபவரின் குரல் கனத்து இழுபட்டது. பின்பக்கத் தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அதன் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணை, அதாவது ஹெர்ட்ஸ் அளவை, ஒட்டிச் சுழலும் வகை; நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலவேண்டிய தட்டு ஏறத்தாழ 28 சுற்றுதான் சுழல்கிறது. அந்தத் தகட்டின் படம் ஒன்று இருந்திருந்தால், 50 ஹெர்ட்ஸுக்கு உரிய புல்லி (மோட்டாரின் அச்சில் மாட்டும் சிறு சக்கரம்) கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேசியிருப்பேன்.

கோட்டாறு அண்ணாச்சி:
தம்பியின் வருத்தம் நியாயமானது. ஆனால் விற்பவர்கள் எல்லோரும் மெக்கானிக்குகள் அல்லர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய தகப்பனார் வைத்திருந்த செட்டை விற்கும் பிள்ளைக்கு ஹெர்ட்ஸ் கணக்கு எப்படித் தெரியும்? குறையை எழுதினாலோ அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். என் ஆம்ப்ளிஃபயருக்கு ‘வால்யூமில் கரகரப்பு உண்டு’ என்று உண்மையை எழுதினேன்; அழைத்தவர்கள் அனைவரும் பாதி விலைக்கே கேட்டார்கள். வேண்டியவர் வீட்டுக்கு வந்து, பாட்டுப் போட்டுக் கேட்டு வாங்கட்டும் என்பதே என் கட்சி.

தக்கலை இசைப்பிரியன்:
அண்ணாச்சி, சென்னையில் இருப்பவர் ஓர் ஆம்ப்ளிஃபயருக்காகக் கோட்டாறு வரை வருவாரா? விற்பவர் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதினால் போதும். நீங்கள் உண்மையைத்தான் எழுதினீர்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கரகரப்பு குமிழைத் திருகும்போது மட்டுமா, எப்போதுமா? ஒரு பக்கத்திலா, இரண்டிலுமா? இது தெரியாதவர் பெரிய பழுது என்றே எண்ணி விலையைக் குறைப்பார்.

குளச்சல் கடலோரத்தான்:
ஸ்பீக்கர் விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்வலையைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமால் ஆனது என்றால், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடிந்து உதிரும். ஈரப்பதம் மிகுந்த எங்கள் கடற்கரை வீடுகளில் அந்தக் கவலை இன்னும் அதிகம். ரப்பர் விளிம்பு என்றால் அதையும் குறிப்பிடுங்கள். செல்பேசியில் எடுத்த காணொளி, செட் ஓடுகிறது என்பதைக் காட்டுமே தவிர, அதன் ஒலித்தரத்தைக் காட்டாது.

கோட்டாறு அண்ணாச்சி:
ஒன்றில் மட்டும் நான் மாறமாட்டேன்: தெரியாததை எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. மற்றபடி விளம்பரத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் இடப்பக்கத்தில் கரகரக்கும், நிறுத்தியபின் ஒலி தெளிவு. நேற்று இரண்டு மணி நேரம் ஓடியது. ரெக்கார்டு பிளேயரைச் செருகும் ஃபோனோ இணைப்பைச் சோதிக்கவில்லை. உள்ளே முன்பு பழுது பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. தகட்டின் படம் நான்காவதாக உள்ளது.’ விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.