புதுப்பிப்பு: மணியின் அரிப்பும் பேத்தியின் வேர்க்குருவும்

போன மாதம் இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். எங்கள் நாய் மணி ஓயாமல் சொறிகிறது, பேத்திக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, கைவைத்தியம் என்ன என்று. இந்த யாங்கோன் (ரங்கூன்) வெயில் அப்படி.

பேத்தி விஷயம் சுலபமாக முடிந்தது. பக்கத்து வீட்டுப் பர்மிய அக்கா சொன்னபடி ‘தனக்கா’ என்கிற மரத்தின் கட்டையை வட்டக்கல்லில் தண்ணீர் விட்டு உரசி மெல்லிசாகப் பூசினோம். நாலு நாளில் அடங்கிவிட்டது.

மணி கதை வேறு. இங்கே தமா என்பார்களே, அந்த வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் குளிப்பாட்டினேன். கொஞ்சம் தேவலை. அதோடு விட்டிருக்கலாம்! பூண்டு கொடுத்தால் உண்ணி ஓடிவிடும் என்று ஒருவர் எழுதியதை நம்பி மூன்று நாள் சோற்றில் பிசைந்து போட்டேன். கால்நடை டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுபோய் விடுமாம். பூனைக்கு இன்னும் மோசம். டீ ட்ரீ எண்ணெயும் கூடாதாம்.

அரிப்புக்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. மாத்திரை கொடுத்தார். முட்டைகள் பாயிலும் துணியிலும்தான் உதிர்ந்து கிடக்கும் என்று எல்லாவற்றையும் வெந்நீரில் அலசச் சொன்னார்.

பூண்டு சொன்ன அண்ணன் மேல் கோபமில்லை. சோகை வந்தால் தெரியும் என்று மணியின் ஈறு வெளுக்கிறதா எனத் தினமும் பார்க்கிறேன். இதுவரை இளஞ்சிவப்புதான்.