செரோடோனின் சோதனையில் இரண்டு வழிகளைப் பிரித்தறிவது எப்படி? உதவுங்கள்

வணக்கம். புற்றுநோய் செல் வளர்ப்பில் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி.

செரோடோனின் செல்லுக்கு வெளியே ஏற்பிகளைத் தூண்டுகிறது. கடத்திப் புரதம் வழியாக உள்ளே போனால், டிரான்ஸ்குளூட்டமினேஸ்-2 நொதி அதை ஹிஸ்டோன் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்) போன்ற புரதங்களோடு பிணைத்துவிடுகிறது. மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸெடினால் கடத்தியை அடைத்தால் உள்ளே நுழைவது குறையும். ஆனால் வெளியே அளவு கூடி ஏற்பிகள் மேலும் தூண்டப்படலாம். செல்களின் வளர்ச்சி குறைந்தால், எந்த வழியால் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் செரோடோனினை வெளியிடுவதால், சாதாரணக் கன்றுச் சீரத்திலேயே அது கலந்திருக்கும். ஆகவே டயாலிசிஸ் செய்து சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரம்தான் பயன்படுத்துகிறோம். ஊடகத்தில் செரோடோனின் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும். வெளிச்சம் படாமல், அவ்வப்போது புதிதாகக் கரைத்துச் சேர்க்கிறோம். அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கத் தயக்கம், அதிகமானால் அதுவே ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்.

ஃப்ளூஆக்ஸெடின் 10 மைக்ரோமோலாரில் லைசோசோம்களில் தேங்கி, கடத்தி இல்லாத செல்களையும் பாதிக்கக்கூடும். அதனால் அதே கடத்தியை அடைக்கும் இன்னொரு மனச்சோர்வு மருந்தான சிட்டலோப்ராமுக்கு (1 மைக்ரோமோலார்) மாறினோம்; கடத்தியை அடைக்க அது தாராளம். (இது ஆய்வகக் கேள்வி மட்டுமே. இதைப் படித்து யாரும் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)

தேவைப்படுவது இதுதான்: சிஸ்டமைனைவிடத் துல்லியமான டிரான்ஸ்குளூட்டமினேஸ் தடுப்பான் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? எந்தச் செறிவில், எத்தனை மணி நேரம்? கடத்தி மரபணுவை நீக்கிய செல்களே போதுமா? டெலோட்ரிஸ்டாட் மருந்தால் செரோடோனின் உற்பத்தியை அடைத்துப் பார்த்தவர்கள், செல்கள் தாமே அதைச் சுரக்கின்றனவா என்று முதலில் எப்படி உறுதி செய்தீர்கள்?