வின்ச் மாட்டிய வண்டிக்கு எந்த பேட்டரி?

கேள்வி: டீசல் ஃபோர் வீல் டிரைவ், 9500 பவுண்டு வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் கருவி), 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது). 70 ஆம்பியர்-மணி சாதாரண பேட்டரி படுத்துவிட்டது. ஏஜிஎம் (கண்ணாடி இழைப் பாயில் அமிலம் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) போடலாமா, இரண்டாவது பேட்டரி வேண்டுமா?

மறுமொழி 1: முழு பாரத்தில் அந்த வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஆல்டர்னேட்டர் போக 300-க்கு மேல் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் 10 ஆம்பியர்-மணி காலி. எப்போதாவது சேற்றிலிருந்து மீள்வதற்கு ஒரே ஒரு நல்ல ஏஜிஎம் போதும். பேட்டரி வைக்கும் தட்டில் இடமிருந்தால் 90-100 ஆம்பியர்-மணி எடுங்கள். சிசிஏ (குளிரில் இன்ஜினைக் கிளப்ப பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) 800-க்குக் குறைய வேண்டாம். குலுக்கலில் சாதாரண பேட்டரியின் தகடுகளிலிருந்து ஈயப்பசை உதிரும். ஏஜிஎம்மில் கண்ணாடி இழைப் பாய் அதை அழுத்திப் பிடித்திருக்கும்.

மறுமொழி 2: வாங்கும் முன் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 14.2-14.7 சரி. 15-ஐத் தொட்டால் முதலில் ரெகுலேட்டரை (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஏஜிஎம் காய்ந்துபோகும். பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்றும் பார்க்கவும், கேபிள் எட்டாமல் போகும்!

கேள்வி கேட்டவர்: 14.4 காட்டுகிறது. ஆனால் இழுக்கும்போது வின்ச் திணறுகிறது.

மறுமொழி 1: அப்படியானால் பேட்டரியை மட்டும் குறை சொல்ல முடியாது. பாரத்தோடு இழுக்கும்போது பேட்டரியிலும் வின்ச் மோட்டார் முனையிலும் ஒரே நேரத்தில் அளக்கவும். வித்தியாசம் 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் கேபிளோ, லக்கோ (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு), எர்த்தோ கோளாறு. எர்த்தை சேஸிஸில் விடாமல் நேராக நெகட்டிவ் முனைக்கே கொண்டுவாருங்கள்.