தரைவழிப்படல்: கடலடித் தரையைப் பற்றி ஓடும் நீரோட்டத்திற்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கடலடித் தரையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப நீரோட்டம் வளைந்து செல்வதை ஆங்கிலத்தில் 'டோப்போகிராஃபிக் ஸ்டியரிங்' என்பர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'நிலவியல் வழிகாட்டல்' பொருந்தாது. நிலவியல் என்பது ஜியாலஜிக்கு நிலைத்துவிட்ட சொல். 'கடலடிச் சுக்கான் விளைவு', 'நிலத்தோற்ற வழிநடத்தல்' ஆகிய இரண்டும் சிந்திக்கத் தக்கவை. ஆயினும் இரண்டிலும் எனக்கு ஒரே தடை உண்டு. கடலடித் தரை நீரோட்டத்தைக் கையைப் பிடித்துத் திருப்புகிறது என்னும் எண்ணத்தை அவை தருகின்றன. நடப்பது அதுவன்று.

மேலோட்டமாகப் பார்த்தால், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மேடு மேலே ஓடும் நீரை ஏன் தொட வேண்டும் என்றுதான் தோன்றும். புவியின் சுழற்சியே இதற்கு விடை. தரையிலிருந்து மேற்பரப்பு வரை நிற்கும் ஒரு நீர்த்தம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புவியோடு சேர்ந்து அதுவும் சுழல்கிறது. இந்தச் சுழற்சி துருவத்தில் மிகுதி, நிலநடுக்கோட்டில் சுழியம். மேடான இடத்திற்கு வரும்போது தம்பம் குள்ளமாகி அகல்கிறது. தட்டாமாலை சுற்றும் குழந்தை கைகளை விரித்தால் வேகம் தணிவதுபோல, அகன்ற தம்பத்தின் சுழற்சியும் தணிய வேண்டும். பெரும்பரப்பில் மெதுவாக ஓடும் நீருக்கு அதற்குள்ள வழி, புவிச்சுழற்சியின் பங்கு குறைவாக உள்ள அகலாங்கை (அட்சரேகையை) நோக்கி விலகுவதே.

அடர்த்தி மேலிருந்து கீழ்வரை ஒன்றே என்றும் உராய்வு இல்லை என்றும் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெற்கு அகலாங்கு 55 பாகையில் 4000 மீட்டர் ஆழத்தில் ஓடும் நீர், 3600 மீட்டர் ஆழமுள்ள இடத்தின் மேல் ஏற வேண்டுமானால், ஏறத்தாழ 47½ பாகை வரை வடக்கே வந்தாக வேண்டும். தரை 400 மீட்டர் உயர்ந்ததற்கு நீர் விலகும் தொலைவு 800 கிலோமீட்டருக்கு மேல். உண்மைக் கடலில் அடர்த்தி அடுக்குகள் (கனமான நீர் கீழும் இலேசான நீர் மேலுமாக அமைந்த படலங்கள்) இந்த விளைவைக் குறைக்கின்றன என்றாலும், எவ்வளவு சிறிய மேடு எவ்வளவு பெரிய வளைவுக்குக் காரணமாகலாம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் துருவஞ்சூழ் நீரோட்டம் இதற்குச் சிறந்த சான்று. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை வழியே நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரைச் சுமந்து செல்லும் இந்த ஓட்டத்தை மறிக்க நிலம் எதுவும் இல்லை. அங்கே அடர்த்தி அடுக்குகளும் வலுவற்றவை என்பதால், ஓட்டம் தரை வரை இறங்கி நிற்கிறது. நீரோட்டக் கோடுகள் உள்ள படத்தையும் சம ஆழக்கோடுகள் உள்ள படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நியூசிலாந்துக்குத் தெற்கே, பெரும்பாலும் 1000 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கேம்பெல் மேட்டுநிலத்தின் விளிம்பில் இரு படங்களின் கோடுகளும் சேர்ந்தே வடகிழக்காக வளைந்தன. இந்தியப் பெருங்கடலின் தெற்கிலுள்ள கெர்கூலன் மேட்டுநிலத்தில் ஓட்டத்தின் பெரும்பகுதி வடக்கே சுற்றிப் போக, ஒரு கிளை நடுவிலுள்ள ஃபான் பள்ளத்தின் வழியே நுழைகிறது. டிரேக் நீரிணையைத் தாண்டியதும் ஒரு கிளை, தென் அமெரிக்கக் கண்டச்சரிவை ஒட்டி வடக்கே நெடுந்தொலைவு ஏறி ஃபாக்லாந்து நீரோட்டமாகிறது.

பிரித்தானிய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1923இல் வெளியிட்ட சோதனையையும் இங்கே நினைக்க வேண்டும். சுழலும் நீர்த்தொட்டியின் அடியில் ஒரு குட்டை உருளையை மெல்ல நகர்த்தினார். உருளையின் உச்சிக்கு மேலே தடையற்ற நீர்தான் இருந்தது. ஆனால் அங்கே விட்ட சாயம் உருளைக்கு மேலாகக் கடந்து போகாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் மேலே வரை நிற்பதுபோல் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போயிற்று. உருளை சாயத்தைத் தொடவே இல்லை. சுழலும் நீரின் இயல்பே அதை அவ்வழியில் போகச் செய்தது.

ஆகவே இங்கே தேவைப்படுவது பிறவினை அன்று, தன்வினை. வழிநடத்தல், வழிப்படுத்தல் என்பவற்றில் தரை எழுவாயாகிறது. 'வழிப்படல்' என்பதில் நீரே எழுவாய். ஆற்று நீரின் போக்கில் செல்லும் புணைக்குச் சங்கப்பாட்டிலேயே இந்த வினை ஆளப்பட்டிருக்கிறது. அதனோடு 'தரை'யைச் சேர்த்துத் தரைவழிப்படல் என்று முன்வைக்கிறேன். 'நிலத்தோற்றம்' பாடநூல்களில் உள்ளதுதான். ஆனால் கப்பல் தரைதட்டியது என்று நாளும் சொல்கிறோம், கடலின் அடிக்குத் 'தரை' என்பது அனைவர் வாயிலும் பழகிய சொல். கரையோர மீனவர் ஓட்டத்தை 'நீவாடு' என்பர். அழகிய சொல், கலைச்சொல் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்றே விரும்புகிறேன், ஆயினும் நீரோட்டம் ஊன்றிவிட்ட நிலையில் அதை இங்கே மாற்றத் தேவையில்லை.

'ஆற்றுப்படுத்தல்' என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆறு என்றால் வழி என்னும் பழம்பொருள் மனத்தை ஈர்த்தாலும், அதுவும் பிறவினையே. இலங்கையில் உளவள ஆலோசனைக்கு அது வழங்குகிறது. கடல்நூலிலோ படிப்பவர் நதியைத்தான் நினைப்பார்.

என் சொல்லுக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒற்று விடுபட்டால் 'வழிபடல்' ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். இன்னொன்று, நீர் சம ஆழக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை; அகலாங்கும் ஆழமும் சேர்ந்து வரையும் கோட்டைத்தான் பின்பற்ற முயல்கிறது. சொல் இதைத் தாங்காது, விளக்கக் குறிப்பில்தான் எழுத வேண்டும். வெப்பமண்டலக் கடல்களில் அடர்த்தி அடுக்கு வலுவாக இருப்பதால், பருவக்காற்றுக்கேற்பத் திசை மாறும் வங்கக்கடல் மேற்பரப்பு ஓட்டங்களுக்கு இச்சொல்லைத் தாராளமாக நீட்டக் கூடாது என்பதையும் அங்கேயே சேர்க்கலாம்.

பட்டியலில் அடுத்துள்ள 'ஃபார்ம் ஸ்ட்ரெஸ்' என்பதை இதனோடு கலக்க வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் காற்று இடைவிடாது தள்ளியும் துருவஞ்சூழ் நீரோட்டம் மேன்மேலும் வேகம் பெறாததற்கு, கடலடி மலைத்தொடர்களின் இரு பக்கமும் நிலவும் அழுத்த வேறுபாடு எதிர்த்து நிற்பதே காரணம் என்று அறிவியலாளர்கள் முங்க்கும் பால்மெனும் 1951இல் விளக்கினர். இந்த எதிர்ப்பே 'ஃபார்ம் ஸ்ட்ரெஸ்'. இதில் தரைதான் எழுவாய். ஆகவே பிறவினை பொருந்தும். 'மேட்டெதிர்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. 'வடிவத் தகைவு' நேர்ப்பெயர்ப்பாக இருக்கிறதே தவிர, மலை நின்று மறிப்பது அதில் தெரியவில்லை. இதற்கு உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.